சிங்கம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில உருப்படியான யோசனைகள்

கும்பகோணத்தில் அறை போட்டு, விடிகாலையில் திங்களூரில் தொடங்கி, ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே பகலில் முடித்துவிட்டு, ராத்திரி டிபனுக்கு அறைக்குத் திரும்பும் ஆற்றல் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் கென்யாவின் மாசாய் மாரா உங்களுக்காகவே காத்திருக்கிறது. அங்கேயும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. ‘பெரிய ஐந்து’ என்று பெயர். இதைப் போட்டது வனத்துறை அல்ல. துப்பாக்கியோடு திரிந்த பழைய வேட்டைக்காரர்கள். நடந்துபோய்ச் சுடுவதற்கு மிகவும் ஆபத்தான ஐந்து எவை என்று அவர்கள் எண்ணி வைத்த கணக்கு அது. கென்யாவில் வேட்டையை 1977-இல் தடை செய்தார்கள். பட்டியல் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கி பாவம், யாரையும் துரத்திக் கொல்லவில்லை என்பதால் அதற்குப் பதவி கிடைக்கவில்லை.

நாங்கள் போனது ஓர் ஆகஸ்ட் மாதம், நான்கு பேர்: நான், மனைவி, மாமியார், மாமியாரின் தம்பி. இந்தத் தம்பியை இனி மாமா என்றே குறிப்பிடுகிறேன். தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். எதையும் பட்டியலோடு ஒப்பிட்டு டிக் போடாமல் நம்ப மாட்டார். மூன்று ராத்திரி விடுதி வாசம். கீழே வரும் யோசனைகள் எல்லாம் சொந்தக் காசில் சோதித்துப் பார்த்தவை.

முதலில் ஊசி. கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே புறப்படுவதற்கு முந்தின வாரம் ஞாபகம் வருவது மரபு. சொந்தக்காரர்களிடம் சொன்னால், “காமாலைக்கு எதுக்குப்பா ஊசி? கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடிச்சா ஆச்சு” என்பார்கள். இது காமாலை இல்லை, கொசு பரப்பும் வேறு வியாதி என்று வாதாட வேண்டாம். கீழாநெல்லியையும் குடியுங்கள், ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து மூட்டை. மாராவுக்குப் பறக்கும் குட்டி விமானங்கள் நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து. அதுவும் மடங்குகிற துணிப்பையாக இருக்க வேண்டும். எனவே சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைக் கொண்டு போங்கள். உள்ளே இரண்டு தூக்கு முறுக்கு, புளிக்காய்ச்சல், மாகாளி ஊறுகாய், ஒரு கையடக்க இண்டக்‌ஷன் அடுப்பு. ஒழுகாமல் இருக்க ஊறுகாய் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். கென்யா 2017-லேயே பிளாஸ்டிக் பையைத் தடை செய்துவிட்டது என்பதை விமானத்திலிருந்து இறங்கியபின் தெரிந்துகொண்டால் போதும். எங்கள் மானத்தைக் காப்பாற்றியது, கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த ஒரு மஞ்சள் பை. ஊறுகாய் அதில் ஏறிக்கொண்டு மாரா வரை வந்தது.

துணி விஷயத்தில் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ட்செட்ஸி என்று ஒரு ஈ. சட்டைக்கு மேலேயே கடிக்கும். அதற்குக் கருநீலமும் கறுப்பும் என்றால் உயிர். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே அந்த இரண்டு நிறத் துணியில்தான் தைக்கிறார்கள். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் பயணத்தைத் தள்ளிவைப்பது நலம். ராணுவப் புள்ளித் துணியும் வேண்டாம்; அந்த ஊரில் அது பட்டாளத்தாருக்கு மட்டும்.

கொஞ்சம் சுவாஹிலி கற்றுக்கொண்டு போங்கள். பாதி நமக்குத் தெரிந்ததுதான். சப்பாத்திக்கு சபாத்தி, டீக்கு சாய், வண்டிக்கு காரி, கடைக்கு டுகா. எல்லாம் குஜராத்தி வியாபாரிகளும் ரயில் பாதை போட வந்த பஞ்சாபிகளும் புழங்கிய காலத்து ஒட்டுறவு. மிளகாய்க்கு ‘பிலிபிலி’ என்பார்கள்: நம் திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலி, அரபிக்குள் புகுந்து, கடல் சுற்றி, அங்கே மிளகாய் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. சஃபாரி என்றால் வெறும் பிரயாணம்தான். நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்குப் பஸ்ஸில் போகும் குமாஸ்தாவும் சஃபாரிதான் போகிறார். அவருக்குத் தொப்பி கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில். தண்ணீருக்கு ‘மாஜி’. அண்ணன் தம்பிக்குக் ‘காக்கா’. அம்மாவுக்கும் மரியாதைக்குரிய எந்தப் பெண்மணிக்கும் ‘மாமா’. சாப்பாட்டுக் கூடத்தில் நான் “மாமா!” என்று குரல் கொடுத்தபோது பரிமாறிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மட்டும் திரும்பவில்லை. காது மெஷினைக் கழற்றி வைத்திருந்தார். மறுநாள் மத்தியானம் மாமியார், வழக்கம்போல ஒரு கவளம் சோற்றை இலைத் துண்டில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று “கா... கா... காக்கா!” என்று கூப்பிட, காவலாளி வேலோடு ஓடிவந்து “சொல்லுங்கம்மா” என்கிற தோரணையில் நின்றார். ‘விலங்குகளுக்கு உணவு தராதீர்கள்’ என்ற பலகையையும் பணிவோடு காட்டினார். பித்ருக்கள் அன்று பட்டினி.

இனி அறை. விடுதி என்று நம்பிப் போனால் கூடாரம் கொடுப்பார்கள். சாமியானாத் துணிதான், ஆனால் கல்யாண மண்டப வாடகை. உள்ளே கட்டில், கொசுவலை, குளியலறை எல்லாம் உண்டு. வாசல் என்பது ஒரு ஜிப். அந்த ஜிப்பைக் குரங்குகள் திறக்கும் என்பதால் கொக்கி போட்டுப் பூட்டச் சொல்வார்கள். பழநி, சோளிங்கர் குரங்குகளோடு பழகிய நமக்கு இதெல்லாம் புதிதா என்று அலட்சியமாக இருங்கள். நாங்கள் இருந்தோம். அங்கே வருவது பபூன். வளர்ந்த ஆண் சுமார் 25 கிலோ இருக்கும். கோரைப்பல் சிறுத்தைக்கே ஈடு சொல்லும். மஞ்சள் பையோடு ஊறுகாய் போயிற்று. மரத்தடியில் உட்கார்ந்து மூடியைத் திருகித் திறந்து, விரல் விட்டு நக்கி, ஒரு கணம் எங்கள் கூடாரத்தை உற்றுப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்தது நன்றியா கண்டனமா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை.

அதைவிடச் சின்னதாக, கறுப்பு முகத்தோடு வெர்வெட் என்றொரு குரங்கு உண்டு. திருட்டில் அதுவும் சளைத்ததல்ல, ஆனால் அது கத்தினால் காது கொடுங்கள். சிறுத்தைக்கு ஒரு கூப்பாடு, கழுகுக்கு ஒரு கூப்பாடு, பாம்புக்கு ஒரு கூப்பாடு வைத்திருக்கிறது. முதலாவதைக் கேட்டால் கூட்டம் மரமேறும்; இரண்டாவதற்கு அண்ணாந்து பார்க்கும்; மூன்றாவதற்கு எழுந்து நின்று தரையைத் துழாவும். கென்யாவின் அம்போசெலியில் இந்தக் குரல்களைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கவிட்டு, 1980-இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துவிட்டது. ஊறுகாய்க்கு எந்தக் கூப்பாடு என்று அதில் இல்லை.

சாப்பாட்டுக்கு அஞ்ச வேண்டாம். தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் போனால் பருப்பும் சப்பாத்தியும் காய்கறியும் கிடைக்கும். நம்மவர் வருகை அங்கே பழசு. அதையே மூன்று வேளையும் தின்றுவிட்டு, ‘என்ன இருந்தாலும் நம்ம ரசம் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விடுவது முறை. முறையை மீற நினைப்பவர்கள் உகாலி கேட்டு வாங்குங்கள். மக்காச்சோள மாவில் கிளறிய களி. தொட்டுக்கொள்ள ‘சுகுமா விக்கி’ என்ற கீரைப் பொரியல். ‘வாரத்தைத் தள்ளு’ என்று அர்த்தம், அதாவது சம்பளம் வரும்வரை ஓட்ட உதவும் கறி. உகாலியைக் கேழ்வரகிலும் கிண்டுகிறார்கள். மாமியார் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, “நம்ம களியைக் காப்பி அடிச்சிருக்காங்க” என்றார். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகித்தான் நம் ஊருக்கு வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி காலை மிதித்தாள்.

ராத்திரிக்கு வருவோம். இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக நடக்கக் கூடாது. டார்ச்சும் வேலும் பிடித்த காவலாளி வந்து கூட்டிப்போவார். ‘இருபதடிக்கு எதுக்குத் துணை’ என்று கேட்டு வீரத்தைக் காட்டுங்கள். பகலெல்லாம் மாரா ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் நீர்யானை ராத்திரிதான் கரையேறி மேயும். ஒரு ராத்திரிக்கு 40 கிலோ வரை புல் வேண்டும் அதற்கு. சதா வெட்டித் தண்ணீர் விட்டு வளர்த்த விடுதிப் புல்தரையை விட்டு அது வேறெங்கே போகும்? பார்க்க உருளைக்கல் மாதிரி இருந்தாலும் ஓட்டத்தில் மனிதனைத் தோற்கடித்துவிடும். காவலாளி டார்ச்சை ஒருமுறை வீசிக் காட்டியதும் மாமாவின் வீரம் நிதானத்துக்கு வந்தது.

முதல் ராத்திரி மாமியார் போர்வைக்குள் காலை நீட்டியவர், “ஐயோ, ஏதோ மெத்துமெத்துன்னு சூடா இருக்குடி!” என்று அலறினார். நான் விளக்கைத் தேட, மனைவி செருப்பைத் தேட, காவலாளி விசிலோடு வந்துவிட்டார். உள்ளே இருந்தது வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை. மாரா சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆகஸ்ட் ராத்திரி குளிரும். விருந்தாளி படுக்கும் முன் காலடியில் வெந்நீர்ப் பை வைப்பது அவர்கள் உபசாரம். சொல்லாமல் வைப்பது அவர்கள் பொழுதுபோக்கு என்று நினைக்கிறேன்.

அடங்கிப் படுத்தபின் தலைக்கு மேல் மரத்தில் ஒரு சத்தம் தொடங்கியது. துருப்பிடித்த கதவைத் திறந்து திறந்து மூடுவது போல ஆரம்பித்து, யாரையோ கழுத்தை நெரிப்பது போல முடிந்தது. விடியும்வரை யாரும் தூங்கவில்லை. காலையில் விசாரித்தால் மர ஹைராக்ஸாம். முயல் அளவுப் பிராணி. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் யானைக்கு மிக நெருங்கிய உறவுகளில் ஒன்று. மாமா உடனே நோட்டை எடுத்தார். “யானைக் கணக்குல இதை எத்தனை சதம்னு போடலாம்?”

இப்படி உட்கார்ந்த இடத்தில் மிருகம் பார்க்கிற வழக்கம் கென்யாவில் பழசு. அபர்டேர் மலைக்காட்டில் 1932-இல் ஓர் அத்தி மரத்தின் மேல் ட்ரீடாப்ஸ் விடுதியைக் கட்டினார்கள். 1952 பிப்ரவரியில் அதில் ஏறும்போது எலிசபெத் இளவரசி; லண்டனில் அப்பா ஆறாம் ஜார்ஜ் இறந்துவிட்டதால் இறங்கும்போது மகாராணி, தமக்கே தெரியாமல். அன்று கூட இருந்தவர் ஜிம் கார்பெட், குமாவுன் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட அதே கார்பெட். இந்தியாவை விட்டுப் போய்ப் பக்கத்து நியேரியில் குடியிருந்தார், கல்லறையும் அங்கேதான். அந்த வட்டாரத்து விடுதிகளில், ராத்திரி யானையோ காண்டாமிருகமோ வந்தால் அறைக்கு அறை மணி அடித்து எழுப்பும் ஏற்பாடு உண்டு. எங்கள் விடுதியில் மணி இல்லை. மாமியார் இருந்தார்.

காலை ஐந்தரைக்கு “ஜம்போ” என்று ஒரு குரல், பிளாஸ்கில் டீ, ஆறு மணிக்கு வண்டி. கூரை திறந்த லேண்ட் குரூசர். ரோடு என்று சொல்லப்படுவது உங்கள் எலும்புகளைத் தனித்தனியே எண்ணிக் காட்டும். அவசரத்துக்கு ஒதுங்க வேண்டுமென்றால் வெட்கப்படாதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவில் இதற்கு ‘மருந்து தோண்டப் போவது’ என்று நாகரிகமான வழக்கு உண்டு. புதருக்குப் பின்னால் எதுவும் படுத்திருக்கவில்லை என்று ஓட்டுநர் பார்த்துச் சொல்லும்வரை மருந்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டுநருக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருங்கள். அவர் அந்தச் சமவெளியிலேயே மாடு மேய்த்து வளர்ந்தவராக இருக்கலாம். அதனால் என்ன? நீங்கள் டிவியில் பார்த்திருக்கிறீர்கள். வெளிநாட்டவர் மாராவுக்குள் ஒரு நாள் இருக்க ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அவ்வளவு கொடுத்த பிறகு தர்ம தரிசன வரிசையில் நிற்பதா? ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், தடத்தை விட்டு இறங்கக் கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. “இன்னும் கொஞ்சம் கிட்ட போப்பா” என்று தோளைத் தட்டுங்கள். மாட்டினால் உங்களுக்கு ஒரு போட்டோ குறையும், அவருக்குப் பிழைப்பு போகும்.

சிவிங்கிப்புலியிடம் இந்த விளையாட்டு எங்கே கொண்டு விடுகிறது என்று மாராவிலேயே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அது பகலில் வேட்டையாடும் பிராணி. வண்டிகளின் வட்டத்துக்கு நடுவே எதைத் துரத்தும்? வண்டி குறைவான இடங்களில் ஓர் ஈற்றுக்கு இரண்டு குட்டிகளுக்கு மேல் பிழைத்து ஆளாகின்றன. வண்டி மொய்க்கும் இடங்களில் சராசரி 0.2. 2018-இல் வெளிவந்த ஆய்வு இது. மாமாவிடம் சொன்னேன். தணிக்கைக்காரருக்கு எண்ணைக் காட்டினால் போதும்; அதன்பின் அவர் ஓட்டுநரின் தோளைத் தொடவில்லை.

சிங்கம் விஷயத்தில் ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். நாளுக்கு இருபது மணி நேரம் வரை தூங்குகிற ஜாதி. நாங்கள் முதலில் பார்த்த ஆறும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தஞ்சாவூர்த் திண்ணையில் கிடக்கிற பெரியவர்கள் மாதிரியே கிடந்தன. ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இவர்களா என்று மூடிக்கொண்டது. விழித்திருந்த ஒரு ஜோடியை மறுநாள் பார்த்தோம். அது பார்க்காமலே இருந்திருக்கலாம். சிங்கங்களின் குடும்ப வாழ்க்கையில் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, நாள்கணக்கில் தொடரும் ஒரு கட்டம் உண்டு. ஓட்டுநர் பெருமிதத்தோடு எஞ்சினை அணைத்து, “ஹனிமூன்” என்று அறிவித்தார். வண்டிக்குள் மாமியார். அந்த நிமிஷத்தில் எங்கள் குடும்பம் மொத்தமும் பறவை ஆர்வலர்களாகிவிட்டது. “அதோ பாருங்க, அந்தக் குருவி என்ன கலரு!” மாராவில் 450 வகைக்கு மேல் பறவைகள் உண்டு, அன்று காலை சிங்கத்துக்கு எதிர்த்திசையில் இருந்த அத்தனையையும் பார்த்துவிட்டோம். மாமா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பதினெட்டு நிமிஷம். சரியாத்தான் இருக்கு” என்றார்.

ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் கூட்டத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாட்டு முகத்து மான்கள், வரிக்குதிரைகளையும் சேர்த்துக்கொண்டு, மழைக்குப் பின்னாலேயே செரங்கெட்டியிலிருந்து வடக்கே வந்து, பிறகு திரும்பிப் போகின்றன. கரையில் வந்து நிற்கும். முதல் வரிசை தண்ணீரை முகரும். ராகு காலம் முடியட்டும் என்பதுபோல் ஒன்று பின்வாங்கும். உடனே அத்தனையும் பின்வாங்கும். நான்கு மணி நேரம் இப்படி. முறுக்கு தீர்ந்தது. மாமியார் விஷ்ணு சஹஸ்ரநாமத்தை முடித்துவிட்டு லலிதாவுக்குப் போனார். பிறகு எந்தச் சகுனம் கிடைத்ததோ, ஒன்று குதித்தது. கரையே பெயர்ந்து விழுந்தது போல மற்றவையும் குதித்தன. புழுதி, முக்காரம், தண்ணீர். முதலை ஒன்றை இழுத்துப் போனதைப் பார்த்தோம், ஆனால் முதலையைவிட நெரிசலும் வெள்ளமும்தான் அதிகம் கொல்கின்றன. மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கு மேல் மூழ்கிச் சாகின்றன. பிணந்தின்னிக் கழுகுக்கும் மாராபு நாரைக்கும் போக, மிஞ்சிய எலும்பு ஆற்றடியில் வருஷக்கணக்கில் கரைந்து மீனுக்கு உரமாகிறது. வண்டியில் யாரும் போட்டோ எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. பட்டியலில் இது கிடையாது என்று மாமாவும் சொல்லவில்லை.

கடைசி ராத்திரி மாமாவின் நோட்டில் நிலவரம்: சிங்கம், யானை, காட்டெருமை மூன்றுக்கும் டிக். சிறுத்தை அரை, ஏனென்றால் மரக்கிளையில் தொங்கிய வாலை மட்டும்தான் பார்த்தோம். காண்டாமிருகம் இல்லை. மூன்றரை. பத்தரை மணிக்கு விடுதியின் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். அதற்குக் கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ கர்ஜனை வந்தது. சிங்கத்தின் குரல் எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும் என்று படித்திருந்தேன். இது அவ்வளவு தூரம் இல்லை. கட்டில் சட்டத்தில் கை வைத்திருந்தேன், அதில் தெரிந்தது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து மாமா மெல்லக் கேட்டார்: “மாப்ளே, தூங்கிட்டீங்களா?” இல்லை என்றேன். அவரும் வேறெதுவும் கேட்கவில்லை. காது மெஷின் போட்டிருந்தார் என்பது மட்டும் புரிந்தது.

புறப்படும்போது ஓட்டுநருக்கும் காவலாளிக்கும் டிப்ஸ் கொடுங்கள். டாலராக இருந்தால் புது நோட்டாகப் பார்த்து எடுத்துப் போங்கள். பழைய வருஷத்து நோட்டும் ஓரம் கிழிந்ததும் அங்கே செல்லாது. பிறகு அந்த மஞ்சள் அட்டை. அதைப் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். ஊர் திரும்பும்போது நம் விமான நிலையத்திலேயே கேட்பார்கள். காட்ட முடியாவிட்டால் ஆறு நாள் வரை தனியாக அடைத்துவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.